முருகைக்கற்பாறை மீன் குடம்பிகளை இனங்காணல்: வன்னிக் கரையில் புதிதாகத் தொடங்குவோருக்கு

மீன் குடம்பியை, அதாவது முட்டையிலிருந்து வெளிவந்து இன்னும் தாய் மீனின் உருவம் எடுக்காத குஞ்சை, தலைப்பாக எடுக்கும் மாணவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் சறுக்குகிறார்கள். நுணுக்குக்காட்டியின் கீழ் ஒரு குடம்பியை வைக்கிறார்கள், படங்களைப் புரட்டுகிறார்கள், கிட்டத்தட்ட ஒத்த படம் ஒன்று அகப்பட்டதும் அந்தப் பெயரை எழுதிவிடுகிறார்கள். மூன்று மாதம் கழித்து மேற்பார்வையாளர் "தசைத்துண்டம் எத்தனை?" என்று, உடலின் பக்கத்தில் வரிபோல் அடுக்கி இருக்கும் தசைகளைப் பற்றிக் கேட்கும்போது பதில் இருக்காது. மாதிரி முழுவதையும் மறுபடி முதலிலிருந்து பார்க்க வேண்டியதாகிவிடும்.

குடம்பிக்குத் தாய் மீனின் முகமும் இல்லை, நிறமும் இல்லை. எண்ணிக்கையும் அளவும்தான் அதன் அடையாளம். எண்ணிய பிறகே படத்தைத் திறவுங்கள். கீழே வரும் ஒழுங்கும் அப்படித்தான். வவுனியாப் பல்கலைக்கழகத்திலோ கிளிநொச்சி அறிவியல் நகரிலோ படிக்கிறவர்களுக்கும், வங்காலை முதல் கொக்கிளாய் வரை கரையோரப் பாடசாலைகளில் செயற்றிட்டம் செய்விக்கும் ஆசிரியர்களுக்கும் இது பொருந்தும்.

1. முதலில் கடிதங்கள்

வலை வாங்குமுன் கடிதம் எழுதுங்கள். துறைத்தலைவரின் கையொப்பத்துடன், நிறுவனத்தின் தலைப்புத் தாளில், எந்த இடம், எந்தத் திகதிகள், எந்த உபகரணம், எத்தனை பேர் என்ற நான்கும் இருக்க வேண்டும். அதன் பிரதிகள் மாவட்டக் கடற்றொழில் நீரியல்வளத் திணைக்களப் பணிமனைக்கும், அந்தத் துறையின் கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கத்துக்கும், பக்கத்துக் கடற்படை முகாமுக்கும் போக வேண்டும். கடலில் இறங்கும் ஒவ்வொருவரும் தேசிய அடையாள அட்டையும் கடிதத்தின் பிரதி ஒன்றும் நீர் புகாத உறையில் கொண்டுபோக வேண்டும்.

வங்காலை, விடத்தல்தீவு, சுண்டிக்குளம், நந்திக்கடல், நாயாறு, கொக்கிளாய் ஆகிய இடங்களில் வனசீவராசிகள் திணைக்களத்தின் பாதுகாப்புக்கு உட்பட்ட பகுதிகள் உண்டு. எல்லைக்கோடு எங்கே ஓடுகிறது என்பதை வரைபடத்தில் பார்த்துவிட்டே இடத்தைத் தெரியுங்கள். எல்லைக்குள் வந்தால் அந்தத் திணைக்களத்தின் அனுமதி தனியாக வேண்டும். அது மாவட்டத்தில் முடியும் வேலை அல்ல. மூன்று மாதமாவது முந்தி விண்ணப்பியுங்கள்.

வெளிச்சப் பொறி பாவிக்கிறீர்கள் என்றால் பொறியின் படத்தைக் கடிதத்தோடு இணையுங்கள். வெளிச்சம் பாய்ச்சி மீன்பிடிப்பது கட்டுப்பாட்டுக்குள் உள்ள தொழில். ஊர்ச் சங்கங்களுக்கு அதில் நியாயமான கோபமும் உண்டு. விளக்கு கைவிளக்களவுதான், அகப்படுவது விரல்நீளம்கூட இல்லாத குஞ்சு என்று சங்கத் தலைவருக்கு நேரில் காட்டி விளக்கினால், அந்தச் சங்கமே உங்களுக்குப் படகு தரும்.

2. எந்தக் கரை, எந்த மாதம்

வன்னிக்கு இரண்டு கடல். மன்னார்ப் பக்கம் (வங்காலை, அரிப்பு, சிலாவத்துறை) சோழகக் (தென்மேற்குப் பருவக்காற்று) காலத்தில் கொந்தளிக்கும். அங்கே வேலை செய்ய ஏற்றது கார்த்திகை முடிவிலிருந்து பங்குனி வரை. முல்லைத்தீவுப் பக்கம் இதற்கு எதிர். வாடைக் காற்று (வடகிழக்குப் பருவக்காற்று) அடிக்கும்போது அளம்பில், செம்மலைக் கரையில் சிறு படகு இறக்கவே முடியாது. சித்திரையிலிருந்து ஆவணி வரைதான் அங்கே நம்பிப் போகலாம். ஆறு மாத ஆய்வுக்கு இரண்டு கரையையும் எடுக்காதீர்கள்.

இரவைத் தெரிவதும் அதே அளவுக்கு முக்கியம். வெளிச்சப் பொறி இருட்டுக்காலத்தில்தான் வேலை செய்யும். அமாவாசைக்கு முன்பின் நாலைந்து இரவுகளை எடுங்கள். பூரணையை ஒட்டி உங்கள் விளக்கை நிலவு தோற்கடித்துவிடும்.

களப்பின் முகத்துவாரத்தை அடைத்த மணலை வெட்டிவிட்ட பிறகு வரும் முதல் வாரங்களில், களப்பிலிருந்து வெளியேறும் சேறும் பாசியும் வலையை நிமிடங்களில் அடைத்துவிடும். அந்த வாரங்களில் இழுத்த மாதிரியை மற்ற வாரங்களோடு ஒப்பிட முடியாது.

3. உபகரணம், செலவு

பிளாந்தன் (நீரோடு மிதந்து திரியும் சிற்றுயிர்கள்) வலை: வாய் 60 சென்ரிமீற்றர் விட்டம், நீளம் அதைப்போல் மூன்று மடங்குக்குக் குறையாமல், கண் 300 முதல் 500 மைக்ரோமீற்றர். வெளிநாட்டு வலைத்துணி விலை கூடியது. துணியில் அச்சடிப்பவர்கள் பாவிக்கும் பொலியெஸ்ரர் திரைத்துணி அதே வேலையைச் செய்யும். அதைச் சென்ரிமீற்றருக்கு எத்தனை இழை என்ற கணக்கில் விற்பார்கள். 10,000ஐ இழை எண்ணிக்கையால் பிரித்து, இழையின் தடிப்பைக் கழித்தால் கண்ணின் அளவு வரும். 15 இழை, தடிப்பு 200 மைக்ரோமீற்றர் என்றால், கண் ஏறக்குறைய 467. நுளம்பு வலை இதற்கு ஆகாது. முதுகுநாண் (முதுகெலும்புக்கு முந்தி உருவாகும் நாண்) வளையுமுன் உள்ள சின்னக் குடம்பிகள் எல்லாம் அதன் கண்ணால் நழுவிப் போய்விடும்.

வெளிச்சப் பொறி: 20 லீற்றர் தண்ணீர்க் கலன், பக்கங்களில் உள்நோக்கி ஒடுங்கும் நான்கு புனல்கள், உள்வாய் 10 மில்லிமீற்றர் அளவில், நடுவில் நீர் புகாத வெள்ளை எல்.ஈ.டி. விளக்கு, அடியில் வலை கட்டிய வடிகுழாய். பாறையில் குடியேறும் பருவத்துக் குடம்பிகள் பெரும்பாலும் 10 மில்லிமீற்றரைத் தாண்டியவை என்பதால், இங்கே நுளம்பு வலை போதும். உள்வாயை அகலமாக விட்டால் கணவாய்க் குஞ்சும் பெரிய மீனும் உள்ளே போய், விடியும்போது நீங்கள் தேடியதைத் தின்று முடித்திருக்கும்.

ஸ்டீரியோ நுணுக்குக்காட்டி 10 முதல் 40 மடங்கு உருப்பெருக்க வேண்டும். கண்வில்லையில் அளவுகோல் இருக்க வேண்டும். அளவுகோல் இல்லாத நுணுக்குக்காட்டியில் தொடங்கவே வேண்டாம். நுனி மெல்லிய சாவணம் இரண்டு, அகல வாய்க் குழாயி, பெத்திரிக் கிண்ணங்கள், கறுப்புத் தாள் ஆகியவையும் தேவை.

அதிக செலவு படகுக்குத்தான். தனியாக வாடகைக்கு எடுக்காமல், வலை போடப் போகும் கண்ணாடியிழைப் படகில் ஏறி, மண்ணெண்ணெய்ச் செலவில் பங்கு கொடுங்கள். பொறியைப் போகும்போது இறக்கி, விடிய வரும்போது எடுக்கலாம். மேற்குக் கரையில் இழுவைப் படகுகள் கரையை நெருங்கும் இரவுகள் எவை என்று தொழிலாளர்களுக்குத் தெரியும். அந்த இரவுகளில் பொறி போட்டால் நங்கூரக் கயிறோடு போய்விடும்.

4. பிடித்தல், கொல்லுதல், பதப்படுத்தல்

வலையை மேற்பரப்புக்குக் கீழே, மணிக்கு இரண்டு கடல் மைல் வேகத்தில் பத்து நிமிடம் இழுங்கள். அது ஏறத்தாழ விநாடிக்கு 1 மீற்றர். 60 சென்ரிமீற்றர் வாயின் பரப்பு 0.283 சதுர மீற்றர். 600 மீற்றர் இழுத்தால் வடிகட்டிய நீர் ஏறக்குறைய 170 கன மீற்றர். அதில் 34 குடம்பி இருந்தால், 100 கன மீற்றருக்கு 20. நீரோட்டமானி இருந்தால் இந்தக் கணக்கை அதிலிருந்தே எடுங்கள், ஏனென்றால் அடைபட்ட வலையால் நீர் உள்ளே போகாமல் வாயைச் சுற்றி ஓடிவிடும்.

உயிருள்ள குடம்பியை நேரே போமலினில் போட்டால் அது சுருண்டு, வாயைப் பிளந்து விறைத்துவிடும். பிறகு அளக்க முடியாது. முதலில் கராம்பு எண்ணெயால் மயக்குங்கள். எண்ணெய் நீரில் கரையாது. ஒரு பங்கு எண்ணெய்க்கு ஒன்பது பங்கு எதனோல் சேர்த்துக் கலந்து, அதிலிருந்து சில துளிகளை மாதிரி நீரில் விடுங்கள். அசைவு நின்றதும் ஒரு படம் எடுங்கள். சிவப்பும் மஞ்சளும் பதப்படுத்தும் திரவத்தில் போய்விடும், கறுப்பு மட்டும் மிஞ்சும்.

மாதிரியை அப்போதே இரண்டாகப் பிரியுங்கள். உருவம் பார்க்கும் பகுதிக்கு 5 வீதப் போமலின், அதாவது கடையில் வாங்கும் செறிந்த போமலின் 50 மில்லிலீற்றர், கடல்நீர் 950 மில்லிலீற்றர். அதில் வெண்காரம் (போரக்ஸ்) சேர்த்து அமிலத்தன்மையைப் போக்க வேண்டும். சேர்க்காவிட்டால் அமிலம் முள்ளையும் செவிக்கல்லையும் (காதுக்குள் இருக்கும் சுண்ணாம்புக் கல்) அரித்துவிடும், நீங்கள் எண்ண வேண்டியவையே இல்லாமல் போகும். டி.என்.ஏ. பார்க்கும் பகுதிக்கு 95 வீத எதனோல். 24 மணித்தியாலத்தில் அதை ஊற்றிவிட்டுப் புதிதாக நிரப்புங்கள். மாதிரியிலிருந்த நீர் அதை ஐதாக்கியிருக்கும். போமலினில் கிடந்த குடம்பியிலிருந்து டி.என்.ஏ. எடுப்பது பெரும்பாலும் வீண்முயற்சி.

போத்தலில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பிளாந்தன் போடாதீர்கள், அழுகிவிடும். விவரச்சீட்டைப் பென்சிலால் எழுதி உள்ளே போடுங்கள். பேனை மை எதனோலில் கழன்று மாதிரியைச் சாயமாக்கிவிடும். மூடியில் மட்டும் எழுதிய மாதிரியை மாதிரியாகவே கணக்கெடுக்க வேண்டாம். மூடிகள் மாறிப்போகும்.

எதனோல் மதுவரித் திணைக்களக் கட்டுப்பாட்டில் உள்ள பொருள். நிறுவனத்தின் ஊடாகவே வாங்க வேண்டியிருக்கும், அதற்கும் முன்கூட்டியே விண்ணப்பம் போடுங்கள். போமலின் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது. கையுறை போட்டு, காற்றோட்டமான இடத்தில் மட்டும் திறவுங்கள். பாடசாலையில் செய்வதானால் போமலினை விட்டுவிட்டு முழுவதையும் எதனோலில் வைப்பதே நல்லது.

5. பிரித்தெடுத்தல்

போமலின் மாதிரியை நீரால் நன்றாக அலசி, சிறு சிறு பகுதியாகக் கிண்ணத்தில் ஊற்றி, கறுப்புத் தாளின் மேல் பாருங்கள். கண் இரண்டும் கருமணியாகத் தெரிவதே முதல் அடையாளம். அம்புப்புழுவும் ஒளி ஊடுருவும் நீண்ட உடல் கொண்டதுதான், ஆனால் அதற்குத் தசைத்துண்டம் இல்லை, வாயருகே கொளுக்கிகள் உண்டு. பிரித்த குடம்பிகளை 70 வீத எதனோலுக்கு மாற்றுங்கள். பதப்படுத்தும்போது உடல் சுருங்கும். ஆகவே எல்லாவற்றையும் ஒரே திரவத்தில், ஒரே அளவு காலம் கிடந்த பிறகு அளவெடுங்கள்.

6. பருவத்தைத் தீர்மானித்தல்

பெயர் தேடுமுன் பருவத்தை எழுதுங்கள். கருவூண்பை இன்னும் தொங்கினால் அது கருவூண்பைப் பருவம். கருவூண் தீர்ந்து, முதுகுநாணின் நுனி நேராக இருந்தால் வளைவுக்கு முந்திய பருவம். நுனி மேல்நோக்கி எழும்பத் தொடங்கி, கீழே வால் எலும்புகள் உருவாகிக்கொண்டிருந்தால் வளையும் பருவம். வால் எலும்புத் தட்டுகளின் பின்விளிம்பு செங்குத்தாக நின்றால் வளைவுக்குப் பிந்திய பருவம்.

இது ஏன் முதலில் என்றால், நீளம் அளக்கும் முறையே இதைப் பொறுத்தது. முதல் மூன்று பருவங்களிலும் மூக்கு நுனியிலிருந்து முதுகுநாண் நுனி வரை அளப்பீர்கள். கடைசிப் பருவத்தில் வால் எலும்புத் தட்டின் பின்விளிம்பு வரை மட்டும். இரண்டையும் கலந்து ஒரே வரைபடத்தில் போட்டால், குடம்பி வளர்ந்து பிறகு குறுகியதுபோல் காட்டும்.

7. வடிவமும் எண்ணிக்கையும்

உடல் உயரத்தை நீளத்தின் வீதமாக எழுதுங்கள். 10 வீதத்துக்குக் கீழ் மிக நீண்டது, 10 முதல் 20 நீண்டது, 20 முதல் 40 நடுத்தரம், 40 முதல் 70 உயர்ந்தது, அதற்கு மேல் மிக உயர்ந்தது. பிறகு மூக்கிலிருந்து குதம் வரையுள்ள தூரம். பிறகு குடல் நேராகவா, சுருண்டா.

அடுத்தது தசைத்துண்டம். உடலின் பக்கத்தில் சரிந்த V வடிவ வரிபோல் அடுக்கி இருப்பவை இவை. குதத்துக்கு முன் எத்தனை, பின் எத்தனை என்று தனித்தனியாக எழுதுங்கள். தலைக்குப் பின்னால் உள்ள முதல் இரண்டும் வால் நுனியில் உள்ள கடைசி இரண்டும்தான் கண்ணுக்குத் தப்பும். கீழிருந்து வரும் ஒளியைக் குறைத்து, பக்கத்திலிருந்து ஒளி விடுங்கள். இன்னும் நல்ல வழி, முனைவாக்கும் தாள் (போலரைசர்) இரண்டு துண்டு எடுத்து ஒன்றைக் கிண்ணத்தின் கீழும் மற்றதை மேலும் வைத்து, பின்புலம் இருளும் வரை மேல்துண்டைச் சுற்றுவது. தசை வெள்ளையாக ஒளிரும், இடைவெளிகள் கறுத்த கோடாகத் தெரியும். பழைய கணிப்பானின் திரையிலேயே இந்தத் தாள் ஒட்டியிருக்கும்.

பெரும்பாலான பாறை மீன் குடும்பங்களுக்கு 24 அல்லது அதை ஒட்டித்தான் வரும். ஆகவே 24 என்ற எண் உங்களுக்கு விடை தராது. 40 அல்லது 18 வந்தால்தான் பல குடும்பங்கள் ஒரே அடியில் கழிந்துபோகும்.

8. குடும்பத்தைப் பிடித்தல்

முதலில் பாறை மீன் அல்லாதவற்றைக் கழியுங்கள். வன்னிக் கரையின் ஆழமற்ற நீரில் சூடை, நெத்தலி வகைகள் தாராளம். உடல் நீண்டு, குடல் நேராக, குதம் உடலின் பின்பகுதியில் வெகுதூரம் தள்ளி இருக்கும். தசைத்துண்டம் 40ஐ ஒட்டியோ மேலோ வரும். முதுகுச் செட்டை முடிந்த பிறகு இடைவெளி விட்டுக் குதச் செட்டை தொடங்கினால் சூடைப் பக்கம். இரண்டும் மேலும் கீழும் ஒன்றையொன்று தாண்டினால் நெத்தலிப் பக்கம்.

காரல் இன்னொரு கண்ணி. உயர்ந்த, தட்டையான உடல், தலையுச்சியில் அரம்போன்ற விளிம்புள்ள கொண்டை, தசைத்துண்டம் 24. அழகாக இருப்பதால் எல்லோரும் இதைப் பாறை மீனென்று எழுதுகிறார்கள். குதச் செட்டையில் கடினமான முள்ளையும் மென்மையான கதிரையும் எண்ணுங்கள். முள் 3, கதிர் 14 என்றால் காரல்தான்.

இலைபோல் தட்டையான, கண்ணாடிபோல் தெளிந்த, தலை மிகச் சிறிய குடம்பி வந்தால் வாலைப் பாருங்கள். வால் கவர்விட்டிருந்தால் எலொப்ஸ், மெகலொப்ஸ் சார்ந்தவை. வால் கூராகி, செட்டைகள் ஒன்றாக இணைந்திருந்தால் விலாங்கு வகை.

மிகவும் குழப்புபவை நீண்ட முள் கொண்ட மூன்று குடும்பங்கள். கலவாய்க் குடம்பியில் இரண்டாம் முதுகு முள்ளும் இடுப்புச் செட்டை முள்ளும் உடலுக்கு ஒவ்வாத அளவு நீண்டு, ஓரமெங்கும் சிறுமுட்கள் நிறைந்திருக்கும். லுட்ஜானஸ் (ஸ்னாப்பர்) குடம்பியிலும் அதே முட்கள்தான் நீளும், ஆனால் அவ்வளவு நீளமில்லை, சிறுமுட்களும் மெலிந்தவை. அக்கந்தூரஸ் (சேர்ஜன் மீன்) குடும்பத்தில் இவற்றோடு குதச் செட்டையின் இரண்டாம் முள்ளும் நீளும். உடல் பட்டம்போல் மிக உயர்ந்திருக்கும், தசைத்துண்டம் 22 அல்லது 23. நீண்ட குதமுள் இருக்கிறதா என்று பார்த்தாலே பாதிக் குழப்பம் தீரும். வலையில் உரசி இந்த முட்கள் முறிவது வழமை. முள் "குட்டை" என்று எழுதுமுன் நுனி கூராக இருக்கிறதா, வெட்டுண்டதுபோல் இருக்கிறதா என்று 40 மடங்கில் பாருங்கள்.

மற்றவை சுருக்கமாக. தலையைச் சுற்றி எலும்புத் தட்டுகள் தலைக்கவசம்போல் பின்னோக்கி நீண்டிருந்தால் வண்ணாத்துப்பூச்சி மீன். மூக்கிலிருந்து நீண்ட ஒற்றை முள் புறப்பட்டால் ஹொலொசென்ட்ரஸ் குடும்பம். கண் ஒடுங்கி நீள்வட்டமாக, தலையில் முள்ளே இல்லாமல், உடலில் கறுப்புப் புள்ளி அரிதாக இருந்தால் கிளிமீன் அல்லது லப்ரிட் குடும்பம். நீண்ட உடலில், காற்றுப்பை பளிச்சென்று தெரிந்து அதன் மேற்புறம் கறுத்திருந்தால் கோபி வகை. அதுபோன்ற உடலில் குடல் குட்டையாகச் சுருண்டு தலையருகே முடிந்து, தசைத்துண்டம் 30ஐத் தாண்டினால் பிளெனி வகை. குதச் செட்டையில் முள் இரண்டே இரண்டு என்றால் பொமசென்ட்ரஸ் அல்லது அபொகொன் குடும்பத்தைச் சந்தேகியுங்கள். முதுகுச் செட்டை ஒன்றாக ஓடினால் முன்னது, இரண்டாகப் பிரிந்து நின்றால் பின்னது.

9. செட்டையை எண்ணுவதில் உள்ள கண்ணி

பல குடும்பங்களில் குதச் செட்டையின் மூன்றாம் முள் குடம்பியில் மென்கதிராகத் தோன்றி, பிறகுதான் முள்ளாக மாறும். முதுகுச் செட்டையின் கடைசி முள்ளும் அப்படியே. ஆகவே "முள் 2, கதிர் 9" என்று நீங்கள் காண்பது நாளைக்கு "முள் 3, கதிர் 8" ஆகலாம். சின்னக் குடம்பியில் இரண்டையும் கூட்டி 11 என்று எழுதி, பிரிவைப் பிறகு தீர்மானியுங்கள். கடைசியாக உள்ள இரண்டு கதிரும் ஒரே அடியிலிருந்து பிரிந்தால் அவற்றை ஒன்றாகவே எண்ண வேண்டும். கதிர் தெரியாவிட்டால் அலிசரின் சிவப்பில் சாயமூட்டுங்கள். சுண்ணாம்பேறிய முள் சிவந்து தெரியும்.

ஒரு உதாரணம் பாருங்கள். 9 மில்லிமீற்றர் நீளம், வளைவுக்குப் பிந்திய பருவம், உடல் உயரம் 35 வீதம், தசைத்துண்டம் 10 முன், 14 பின். முதுகுச் செட்டையில் மொத்தம் 19, குதச் செட்டையில் மொத்தம் 11. முதுகில் முள் 10, கதிர் 9. குதத்தில் முள் 3, கதிர் 8. இது விளைமீன் குடும்பம். லுட்ஜானஸ் என்றால் முதுகில் கதிர் 12க்குக் குறையாமல் வந்திருக்கும்.

10. எங்கே நிறுத்துவது

விளைமீன் குடும்பத்தின் லெத்ரினஸ் பேரினம் முழுவதுக்கும் அந்த ஒரே எண்ணிக்கைதான். கிளிமீன்களும் அப்படியே: முதுகில் முள் 9, கதிர் 10, குதத்தில் முள் 3, கதிர் 9. ஒராவுக்கு முதுகில் முள் 13, கதிர் 10. குதத்தில் முள் 7, கதிர் 9. இடுப்புச் செட்டையில் இரு ஓரத்திலும் முள், நடுவில் 3 கதிர். இந்த இடுப்புச் செட்டை வேறு எந்த மீனுக்கும் கிடையாது. எனவே ஒராவைக் குடும்பமாகப் பிடிப்பது மிக இலகு, எண்ணிக்கையை வைத்து இனம் சொல்வது முடியாத காரியம். இரணைதீவுச் சாதாளை (கடற்புல்) தரைகளில் எந்த ஒரா வளர்கிறது என்று இடத்தை வைத்து ஊகித்து இனப்பெயர் எழுதாதீர்கள். "ஒரா குடும்பம், இனம் தீர்மானிக்கவில்லை" என்ற வரி முழுமையான விடைதான். கலவாயில் இன்னும் ஒரு படி, பேரினம் வரை, இறங்கலாம்: முதுகு முள் 11 என்றால் பெரும்பாலும் எபினெபெலஸ், 9 என்றால் செபலொபொலிஸ் பக்கம், 8 என்றால் பிளெக்ரொபொமஸ்.

இந்த எண்களோடு சரிபார்க்க ஜெஃப்ரி லைஸும் புரூக் கார்சன்-யூவார்ட்டும் 2000இல் தொகுத்த இந்தோ-பசிபிக் கரையோர மீன் குடம்பிக் கையேட்டைத் தேடுங்கள். உங்கள் நூலகத்தில் இல்லாவிட்டால் நாராவின் (தேசிய நீர்வாழ் உயிரினவள ஆராய்ச்சி, அபிவிருத்தி நிறுவனம்) நூலகத்தில் விசாரியுங்கள்.

11. டி.என்.ஏ. அனுப்புவதானால்

எல்லாவற்றையும் அனுப்பாதீர்கள், செலவு தாங்காது. உருவத்தால் குடும்பம் வரை வந்து, இனம் தெரிந்தே ஆகவேண்டியவற்றை மட்டும் தெரியுங்கள். அனுப்புமுன் ஒவ்வொன்றையும் பக்கவாட்டில் படமெடுத்து, எண்ணிக்கைகளை எழுதி, வலது கண் அல்லது வால்தசையில் ஒரு துண்டை மட்டும் வெட்டுங்கள். இடது பக்கம் சேதமில்லாமல் இருக்க வேண்டும், வரைவதும் அளப்பதும் அந்தப் பக்கத்தில்தான். வழமையாகப் பார்க்கும் பகுதி சி.ஓ.1 மரபணுவில் ஏறக்குறைய 650 கார இணைகள். வரும் விடை உங்கள் தசைத்துண்ட எண்ணிக்கையோடு முரண்பட்டால், முதலில் குழாயின் இலக்கத்தைச் சரிபாருங்கள். மாதிரி மாறியதும் பக்கத்துக் குடம்பியின் தசை ஒட்டியதும்தான் பெரும்பாலான முரண்பாட்டுக்குக் காரணம்.

மிச்ச உடலை எறிந்துவிடாமல், அதே இலக்கத்துடன் 70 வீத எதனோலில், இருட்டான அலுமாரியில் வையுங்கள். வெளிச்சம் பட்டால் கறுப்புப் புள்ளிகளும் வெளிறும். எதனோல் ஆவியாகும் என்பதால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை போத்தல்களைத் திறந்து மட்டத்தை நிரப்ப வேண்டும், அந்தத் திகதியை மூடியில் எழுதி ஒட்டுங்கள்.